தம்பி பட்டாளத்திலிருந்து திரும்பிவிட்டான். அரசாங்கம் உண்மையில் என்ன செய்கிறது?

மழைவாசகி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இந்த அரங்கில் நான் படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதக் காரணம் என் தம்பி.

2015-ல் மாவ்னி திட்டத்தின் கீழ் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிரீன் கார்டு இல்லாமல் சட்டப்படி இங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவரை, அவர்களுக்குத் தெரிந்த மொழிக்காகவோ மருத்துவப் படிப்புக்காகவோ சேர்த்துக்கொண்ட திட்டம் அது. 2009-ல் தொடங்கி 2016-ல் நின்றுபோனது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மேற்படிப்புக்கு வந்த பையன், "தமிழ் பேசத் தெரிந்ததற்குக் குடியுரிமை தருகிறார்கள் அக்கா" என்று சிரித்தபடி போனான்.

2022-ல் வெளியே வந்தான். டெக்சாசில் தனியாக இருக்கிறான், நான் நியூ ஜெர்சியில். போன மாதம் அவனுடைய படைப்பிரிவிலிருந்த ஒருவர் தற்கொலையால் இறந்துவிட்டார். அந்தப் பிரிவில் இது மூன்றாவது சாவு. அதைச் சொல்லிவிட்டு, "அவனாவது இனி நிம்மதியாகத் தூங்குவான்" என்றான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவனும் தூங்குவதில்லை என்று நினைக்கிறேன், நள்ளிரவு மூன்று மணிக்குக்கூட வாட்ஸ்அப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறது.

இணையத்தில் தேடினால் சட்டம் மேல் சட்டமாக வருகிறது. ஜோஷுவா ஓம்விக் சட்டம், கிளே ஹன்ட் சட்டம், ஹேனன் சட்டம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இதெல்லாம் இறந்துபோனவர்களின் பெயர்கள். இத்தனை பேர் பெயரில் இத்தனை சட்டம் போட்டும், என் தம்பியின் கதவை யாரும் தட்டியதாகத் தெரியவில்லை. இவற்றால் நிஜமாகவே என்ன கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இழைக் காப்பாளர்

விவாதம் தொடரட்டும். அதற்குமுன் ஒன்று: அமெரிக்காவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண்ணில் பேசலாம். எந்த நேரமும் பேசலாம், வி.ஏ.வில் (முன்னாள் படைவீரர் நலத்துறை) பதிந்திருக்க வேண்டியதில்லை, குடும்பத்தாரும் அழைக்கலாம். குறுஞ்செய்தி என்றால் 838255. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எப்படி இறந்தார்கள் என்ற விவரம் வேண்டாம்.

இரவுப்பணி

மழைவாசகி, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலி. வி.ஏ. மருத்துவமனை இல்லை, சாதாரண தனியார் மருத்துவமனை. சட்டமெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் தம்பி.

இன்றைக்கே கூப்பிடுங்கள். நேராகவே கேளுங்கள்: "உனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி ஆவதில்லை. வி.ஏ. தன் ஊழியர்கள் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சியே இதுதான்: அறிகுறியைக் கவனி, நேராகக் கேள், அவர் சொல்வதை மறுக்காமல் ஏற்றுக்கொள், உதவிக்கு அழைத்துப் போ. சுற்றி வளைத்து "நல்லா இருக்கியாப்பா" என்றால் "நல்லா இருக்கேன்க்கா" என்றுதான் பதில் வரும்.

அடுத்த கேள்வி, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்பது. இதையும் தயங்காமல் கேளுங்கள்.

இனி சட்டம். உங்கள் பட்டியலில் இல்லாத காம்பேக்ட் சட்டத்தை முக்கியமாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் நிறைவேறியது, 2023 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. தற்கொலை நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படைவீரர் எந்த மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் போகலாம், வி.ஏ.வாகவே இருக்க வேண்டியதில்லை. 30 நாள்வரை உள்நோயாளி சிகிச்சை, 90 நாள்வரை புறநோயாளி சிகிச்சை, ஆம்புலன்ஸ் எல்லாச் செலவும் அரசே ஏற்கும். வி.ஏ.வில் பதிந்திராதவருக்கும் உண்டு. மருத்துவமனை 72 மணி நேரத்துக்குள் வி.ஏ.வுக்குத் தகவல் தர வேண்டும்.

இந்தத் தகவல் தருவதில்தான் கோட்டை விடுகிறோம். என் பிரிவிலேயே பலருக்கு இந்தச் சட்டம் தெரியாது. வருகிறவரிடம் "ராணுவத்தில் இருந்தீர்களா" என்று கேட்கும் கட்டமே எங்கள் படிவத்தில் வெகுநாள் இல்லை. கேட்டு வாங்கிச் சேர்க்க இரண்டு வருடம் ஆனது. ஆகவே உங்கள் தம்பியை எங்கே கூட்டிப் போனாலும் "இவர் முன்னாள் படைவீரர், காம்பேக்ட் சட்டப்படி வி.ஏ.வுக்குத் தெரிவியுங்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பழைய மாலுமி

அமெரிக்கக் கடற்படையில் எட்டு வருடம் இருந்தவன் நான். மேலே செவிலி அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு கோபம் எனக்கு ஆறவில்லை.

வெளியே வந்து ஐந்து மாதத்தில் நானே வி.ஏ.வுக்குப் போய்ப் பதிந்துகொண்டேன். தூக்கம் வரவில்லை, காரணமே இல்லாமல் கத்துகிறேன், என்னைப் பார்த்து என் மகளே பயப்படுகிறாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. மனநல மருத்துவரைப் பார்க்கப் பதினோரு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்தப் பதினோரு வாரத்தில் ஒரு கேள்வித்தாள்தான் தபாலில் வந்தது.

உதவி எண்ணைப் பற்றியும் சொல்கிறேன். 2007-ல் தொடங்கிய நல்ல காரியம் அது. ஆனால் அழைப்பு பெருகப் பெருக ஆள் போதவில்லை. சில அழைப்புகள் மாற்று மையங்களுக்குப் போய், அங்கே பதிவுக்குரல்தான் பேசியது என்று 2016-ல் துறையின் தலைமை ஆய்வாளரே அறிக்கை கொடுத்தார். சாக நினைக்கிறவனுக்குப் பதிவுக்குரலா பதில்? அதன்பிறகு அட்லாண்டாவிலும் டொப்பீகாவிலும் புது மையங்கள் திறந்து சரிசெய்தார்கள், இன்று நிலைமை நிறையத் தேறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருமுறை பதிவுக்குரலைக் கேட்டவன் மறுபடி கூப்பிட மாட்டான்.

கணக்குப்பிள்ளை

புள்ளிவிவரம் என் தொழில் என்பதால் எண்களைத் தெளிவாக வைக்கிறேன், இதில் குழப்பம் அதிகம்.

முன்னாள் படைவீரர்களில் "ஒரு நாளைக்கு 22 பேர்" தற்கொலையால் இறக்கிறார்கள் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அது 2012-ஆம் ஆண்டு வி.ஏ. அறிக்கையில் வந்த மதிப்பீடு. 21 மாநிலங்களின் இறப்புச் சான்றிதழ்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. இப்போது நாடு முழுவதற்குமான பதிவுகளை வைத்துப் பார்க்கிறார்கள். 2022-ல் தற்கொலையால் இறந்த முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர், நாளைக்குச் சராசரி 17.6.

22 எப்படி 17 ஆனது, அப்படியானால் குறைந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். எண்ணும் முறை மாறியது, அவ்வளவுதான். 2008 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஆறாயிரத்துக்கு மேல்தான். இத்தனைக்கும் முன்னாள் படைவீரர்களின் மொத்த எண்ணிக்கை இந்தக் காலத்தில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, வியட்நாம் காலத்தவர் மூப்பில் மறைந்து வருகிறார்கள். ஆக, விகிதம் ஏறியிருக்கிறது.

எல்லோரும் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அப்படி இறந்தவர்களில் பத்தில் ஆறு பேர், இறந்த வருடத்திலும் அதற்கு முந்தைய வருடத்திலும் வி.ஏ. மருத்துவம் எதையும் நாடாதவர்கள். பழைய மாலுமி சொன்ன பதினோரு வாரம் கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த வரிசையிலேயே நிற்கவில்லை. அவர்களில் பலருடைய பெயர் அந்தக் கணினியில்கூட இல்லை.

2017-ல் ரீச் வெட் என்று ஒரு ஏற்பாடு வந்தது. வி.ஏ. நோயாளிகளின் பதிவுகளைக் கணினி மாதாமாதம் அலசி, ஒவ்வொரு மருத்துவமனையிலும் மிக அதிக ஆபத்திலுள்ள ஆயிரத்தில் ஒருவரை அடையாளம் காட்டும். மருத்துவர் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ராணுவத்தில் நேர்ந்த பாலியல் வன்முறையை அந்தக் கணக்கு முதலில் சேர்க்கவில்லை, பெண்கள் தவறிப் போகிறார்கள் என்று கடும் விமர்சனம் எழுந்தது, நியாயமான விமர்சனம். இருந்தாலும் நல்ல முயற்சி என்பேன். ஆனால் அந்தப் பத்தில் ஆறு பேரை அது பார்க்கவே முடியாது. பதிவே இல்லாதவரை எப்படி அலசுவது?

நீலத்தாமரை

கணக்குப்பிள்ளை சொன்ன ஆறு பேரில் என் கணவரும் ஒருவராக இருந்திருப்பார். அவர் இன்று உயிரோடு இருக்கிறார், கடவுளுக்கு நன்றி.

அவருடைய பணிவிலக்குச் சான்றில் "மதிப்புக்குரியது அல்லாத வேறு நிலை" என்று எழுதிவிட்டார்கள். இரண்டாம் முறை போர்முனைக்குப் போய் வந்தபின் குடிக்க ஆரம்பித்தார், வேலைக்குச் சரியாகப் போகவில்லை, அதுதான் குற்றம். போர் தந்த நோய்க்குத் தண்டனையாகப் பணிவிலக்கு, அந்தப் பணிவிலக்கைக் காட்டி மருத்துவம் இல்லை. ஏழு வருடம் அப்படியே போனது.

2017 ஜூலையில் இப்படிப்பட்டவர்களுக்கும் அவசர மனநல சிகிச்சை தரத் தொடங்கினார்கள். 2018-ல் அதைச் சட்டமாகவே விரிவாக்கினார்கள்: போர்ப்பகுதியில் பணியாற்றியவரோ ராணுவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவரோ என்றால் மனநல சிகிச்சை உண்டு. எங்களுக்கு 2021-ல்தான் தெரிந்தது, அதுவும் குருத்வாராவில் சந்தித்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் சொல்லி. அவரும் பட்டாளத்துக்காரர். "உனக்கு உரிமை இல்லை" என்று ஒருமுறை கடிதம் அனுப்பிய அரசாங்கம், "இப்போது உரிமை உண்டு" என்று இன்னொரு கடிதம் ஏன் அனுப்பவில்லை? முகவரி அவர்களிடம் இருந்ததே.

இரவுப்பணி

நீலத்தாமரை, கடிதம் என்றீர்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஆசை.

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியபோது ஒரு பெண் அவருக்கு விடாமல் கடிதம் எழுதினாராம், அது தன்னை எப்படித் தாங்கியது என்பதை அவர் மறக்கவில்லை. பிற்பாடு, தற்கொலை எண்ணத்தால் மருத்துவமனைக்கு வந்து, வெளியேறியபின் தொடர்சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஐந்து வருடம் சின்னச் சின்னக் கடிதங்கள். அறிவுரை இல்லை, "மருத்துவரைப் பார்" என்ற வற்புறுத்தல் இல்லை. நலமா, எழுத விரும்பினால் எழுதுங்கள், அவ்வளவுதான். கடிதம் பெற்றவர்களில் முதல் இரண்டு வருடம் தற்கொலை குறைவாக இருந்தது.

எத்தனையோ கோடி செலவாகும் துறையில் ஒரு தபால்தலை செய்த வேலை இது. 2020 முதல் வி.ஏ.வும் உதவி எண்ணை அழைத்த முன்னாள் படைவீரர்களுக்கு இப்படிக் கடிதம் அனுப்புகிறது. எங்கோ ஒருவர் தம்மை நினைவு வைத்திருக்கிறார் என்பதே பலருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நோயாளியும் நானும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுவோம்: எந்த அறிகுறி வந்தால் நிலைமை மோசமாகிறது என்று பொருள், அப்போது தனியாக என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். இதுதான் பாதுகாப்புத் திட்டம். வி.ஏ. மருத்துவமனைகள் ஒன்பதின் அவசரப் பிரிவுகளில் இதைச் சோதித்தார்கள், 2018-ல் முடிவு வந்தது. இந்தத் தாளும், வீட்டுக்குப் போனபின் தொடர்ந்து தொலைபேசி விசாரிப்பும் கிடைத்தவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை 45 சதவீதம் குறைவு. தாள் மட்டும் போதாது அம்மா, அந்தத் தொலைபேசி வேண்டும்.

மழைவாசகி

நேற்று இரவு கேட்டேன். நேராகக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "சில நாள் வரும்" என்றான்.

துப்பாக்கி இரண்டு இருக்கிறதாம். அதைப் பற்றிப் பேசியதும் குரல் மாறிவிட்டது. "டாக்டரிடம் போனால் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால்தான் யாரும் போவதில்லை" என்கிறான். உண்மையா?

பழைய மாலுமி

தங்கச்சி, நீ கேட்டது பெரிய காரியம். "சில நாள் வரும்" என்று அவன் சொன்னது அதைவிடப் பெரிது. இனி அவனோடு தினம் பேசு.

துப்பாக்கி விஷயம் நான் பேசுகிறேன், பட்டாளத்தான் பேச வேண்டிய விஷயம் அது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. மனநல சிகிச்சைக்குப் போனதற்காக மட்டும் ஒருவரின் துப்பாக்கியை வி.ஏ. எடுத்துக்கொள்வதில்லை. இது அவனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆனால் தற்கொலையால் இறந்த முன்னாள் படைவீரர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் துப்பாக்கியால் இறந்தவர்கள். முடிவெடுப்பதற்கும் கை நீள்வதற்கும் இடையில் பலருக்குப் பத்து நிமிடம்கூட இருப்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அதனால் தூரம்தான் மருந்து. என் மோசமான காலத்தில் என் பெட்டகத்தின் சாவியை என் பழைய கப்பல் தோழனிடம் கொடுத்தேன். "பத்திரமாக வைத்திரு, கேட்கும்போது ஏன் என்று கேட்டுவிட்டுக் கொடு" என்றேன். அவன் ஏதும் கேட்காமல் வாங்கிக்கொண்டான். யாரும் பிடுங்கவில்லை, நானே கொடுத்தேன்.

வி.ஏ. இலவசமாகத் துப்பாக்கிப் பூட்டு தருகிறது, கேட்டால் போதும். இஸ்ரேல் ராணுவம் 2006-ல் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போகும்படி விதியை மாற்றியது. தற்கொலை 40 சதவீதம் குறைந்ததாக ஆய்வு வந்தது. பணியிலிருப்பவருக்கு ஆணை போடலாம், வெளியே வந்தவரிடம் நட்பால்தான் கேட்க முடியும். தம்பியோடு பணியாற்றியவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்.

தென்துருவம்

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இறந்துபோன வீரர்களின் அம்மாக்கள் வருடக்கணக்கில் போராடி, 2021 ஜூலையில் படைவீரர் தற்கொலைகளை விசாரிக்க அரசு ஒரு ராயல் ஆணையத்தை அமைத்தது. 2024 செப்டம்பரில் ஏழு தொகுதிகளில் இறுதி அறிக்கை, 122 பரிந்துரைகள். 1997 முதல் 2021 வரை குறைந்தது 1,677 பேர் தற்கொலையால் இறந்ததாகக் கணக்கு. ஆப்கானிஸ்தானில் போரிட்டு இறந்த ஆஸ்திரேலிய வீரர்கள் ஐம்பதுக்கும் குறைவு, ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் மனதில் தைத்தது வேறு. 2022-ல் வந்த இடைக்கால அறிக்கையில் ஆணையம் அவசரமாகச் சொன்னது இழப்பீட்டு மனுக்களைத் தேங்கவிடாதீர்கள் என்பதை. அந்தச் சமயம் 41 ஆயிரத்துக்கும் மேல் மனுக்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. முதுகு உடைந்து வந்தவன் தன் முதுகு உடைந்ததை நிரூபிக்க வருடக்கணக்கில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தால் மனம் என்னவாகும்? மனநல மருத்துவரை நியமிப்பது மட்டும் தற்கொலைத் தடுப்பு இல்லை, எழுத்தர்களை நியமிப்பதும்தான்.

கணக்குப்பிள்ளை

தென்துருவம் சொன்னதை வழிமொழிகிறேன். அமெரிக்காவிலும் ராணுவத்தை விட்ட முதல் வருடம் மிக ஆபத்தான காலம். சம்பளம், வீடு, தோழர்கள், காலையில் எழக் காரணம், எல்லாம் ஒரே நாளில் போகிறது. 2019 டிசம்பரில் சாலிட் ஸ்டார்ட் என்று ஒன்று தொடங்கினார்கள்: வெளியே வந்த ஒவ்வொருவரையும் முதல் வருடத்தில் மூன்று முறை அரசே கூப்பிடும். பணிவிலக்கு எந்த வகை என்றாலும் கூப்பிடும். நீலத்தாமரையின் கணவர் வந்த காலத்தில் இது இல்லை. மழைவாசகி, உங்கள் தம்பிக்கு வந்திருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

பழைய மாலுமி, ஒரு கேள்வி. நீங்கள் அந்தப் பதினோரு வாரத்தை எப்படிக் கடந்தீர்கள்?

பழைய மாலுமி

ஒருவர் கூப்பிட்டார். சக வீரர் ஆதரவாளர் என்று வி.ஏ.வில் ஒரு பணி உண்டு, தானே அந்த வழியாக வந்து மீண்டவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். மரீன் படையிலிருந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். மூன்று முறை நான் எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தேன். "சாப்பிட்டாயா" என்றுதான் கேட்டார். என் அப்பா கேட்பதுபோல் இருந்தது.

மருத்துவர், மருந்து எல்லாம் பிறகு வந்தன, உதவின. ஆனால் அந்த நாலாவது அழைப்பு இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்க நான் இருந்திருக்க மாட்டேன். அரசாங்கம் இந்த மாதிரி ஆட்களை எவ்வளவு வேண்டுமானாலும் வேலைக்கு எடுக்கட்டும், என் வரிப்பணம் அதற்குப் போனால் சந்தோஷப்படுவேன்.

மழைவாசகி

எல்லோருக்கும் நன்றி. விமானம் பிடித்து டெக்சாஸ் வந்துவிட்டேன், இரண்டு நாளாக அவனோடு இருக்கிறேன்.

சாலிட் ஸ்டார்ட் அழைப்பு வந்ததாம். தெரியாத எண் என்று எடுக்கவில்லையாம், மூன்று தடவையும். பழைய மாலுமி அண்ணா எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "நாலாவது தடவை" என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, தன் பழைய சார்ஜென்டைக் கூப்பிட்டான். அவர் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கிறார். சாயங்காலம் வந்து துப்பாக்கி இரண்டையும் எடுத்துப் போனார்.

வி.ஏ. மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்கிறான். வெட் சென்டர் போகலாமா என்று சார்ஜென்ட் கேட்டதற்குத் தலையாட்டினான். அது என்ன, வேறு இடமா?

இரவுப்பணி

வேறு இடம்தான், நல்ல இடம். 1979-ல் வியட்நாம் போய் வந்தவர்களுக்காகத் தொடங்கியது, இன்று நாடு முழுக்க சுமார் 300 இருக்கின்றன. மருத்துவமனை வாசனை இருக்காது, கடைத்தெருவில் ஒரு சின்ன அலுவலகம்போல் இருக்கும். ஆலோசகர்களில் பலர் முன்னாள் படைவீரர்களே. காசு கிடையாது. அங்கே பேசுவது வி.ஏ. மருத்துவப் பதிவேட்டில் தானாகப் போய்ச் சேராது, அவனுடைய பயத்துக்கு அது ஒன்றே பாதி பதில். குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு, நீங்களும் கூடப் போகலாம். எந்த நாள்?

மழைவாசகி

வியாழன் காலை பத்து மணி. சார்ஜென்ட் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பின்சீட்டில் இருப்பேன்.

பழைய மாலுமி

என் எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். தம்பியிடம் கொடு. எடுக்காவிட்டாலும் கூப்பிடுவேன் என்று சொல்.